இரண்டு விரல் நீளம் கூடிய கார்டு

செர்பியாவில் ஸ்ரெஞானின் என்ற ஊரில், பெகெய் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் முடிதிருத்தும் கடை ஸோரிட்சாவுடையது. உள்ளே இரண்டே நாற்காலிகள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவளோடு பதினாறு வருடமாக வேலை செய்யும் யாஸ்னாவுக்கு. வாரத்தில் ஆறு நாள் ஸோரிட்சா ஊர்ப் பெண்களின் தலைமுடியை வெட்டுவாள், சுருட்டுவாள், சாயம் பூசுவாள். ஏழாவது நாள் கார்ப் பந்தயம் ஓட்டுவாள்.

ஓட்டுவது கம்ப்யூட்டரில்தான். ஆனால் அதை அவளிடம் "விளையாட்டு" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவர்களுடைய முன்முடி கொஞ்சம் கோணலாகத்தான் போகும்.

அந்தக் கம்ப்யூட்டர் அவளுடைய மகன் ஓக்னியெனுடையது. படிக்க நோவி சாத் போனவன் அங்கேயே வேலையும் தேடிக்கொண்டு, பத்து வயதான பெட்டியைத் தன் பழைய அறையிலேயே விட்டுவிட்டுப் போனான். ஒருநாள் கரண்ட் பில் கட்டலாம் என்று அதன் முன் உட்கார்ந்த ஸோரிட்சா, திரையின் மூலையில் ஒரு சின்னக் கார் படத்தைப் பார்த்தாள். என்னதான் அது என்று தட்டினாள். பில் கட்டினது மறுநாள் மத்தியானம். அதற்கப்புறம் ஐந்து வருடம். வழுக்கு மலைப்பாதை, மண் ரோடு, பனி ரோடு என்று எதையும் விடவில்லை. பழைய ஸ்டீயரிங் ஒன்றை விளம்பரத்தில் பார்த்து வாங்கி மேஜையில் முடுக்கினாள். பெச்செய் ஊரின் மாட்டு டாக்டர் திஹோமிர் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் சேர்ந்தாள். மொத்தம் இருபத்திரண்டு பேர். போன பருவத்தில் நாற்பத்தைந்து வயது ஸோரிட்சா மூன்றாவதாக வந்தாள்.

மார்ச் மாதம் திஹோமிர் குழுவில் ஒரு செய்தி போட்டார். ஏப்ரல் முதல் ஞாயிறிலிருந்து எல்லோரும் புது ஆட்டத்துக்கு மாறுகிறோம், பழையதில் இனிப் பந்தயம் கிடையாது.

ஸோரிட்சா புதியதை இறக்கி, திறந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். யாரோ கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக் காட்டுவதுபோல் கார் நகர்ந்தது. ஒரு படம், அப்புறம் ஒரு படம், அப்புறம் மரத்தில் மோதின படம். பெட்டிக்குள் விசிறி அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மறுநாள் கடையில் அவள் முகத்தைப் பார்த்ததுமே யாஸ்னா ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த வயசுல மத்தவளுங்க, எனக்கு மூச்சு வாங்குதுன்னு டாக்டர்கிட்ட போறாளுங்க. இவ என்னடான்னா கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குதுன்னு கண்ணைக் கசக்குறா!"

"நீ சும்மா இருடி. உனக்கென்ன தெரியும்."

"தெரியாமத்தான் கேக்குறேன். புதுசு ஒண்ணு வாங்கித் தொலையேன்."

புதுசு தொண்ணூறாயிரம் தினார். ஸோரிட்சாவின் பிஸ்கட் டப்பாவில், வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸ் சேர்ந்து இருபதாயிரம் இருந்தது. மகனுக்குப் போன் போட்டால் அவனும் அதையேதான் சொன்னான். "அம்மா, அது செத்துப்போன பெட்டி. தூக்கிப் போடு. சம்மர்ல நான் பார்த்து ஒண்ணு வாங்கித் தரேன்." சம்மருக்குள் பந்தயம் பாதி முடிந்திருக்கும். தவிர, மகன் வாங்கித் தந்த காரில் ஓட்ட ஸோரிட்சாவுக்கு மனசு வரவில்லை.

வியாழக்கிழமை எமெஷெ அம்மாள் வந்தார். நூலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வந்து தலைக்குச் செம்பு நிறம் ஏற்றிக்கொள்வார். ஹங்கேரியக்காரர். செர்பிய மொழியை நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுத்தான் பேசுவார். தலை முழுக்க வெள்ளித்தாள் சுற்றி உட்கார்ந்திருந்தவர், ஸோரிட்சாவின் புலம்பலைக் கேட்டுவிட்டு, "உள்ள எப்படி இருக்குன்னு படம் இருக்கா?" என்றார்.

இருந்தது. மகன் கேட்டதற்காக எடுத்தது. எமெஷெ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார்.

"போர்டு நல்லாத்தான் இருக்கு. இதைத் தூக்கிப் போடச் சொன்னது யாரு?"

"என் பையன்."

"பையனுக்கு நல்ல சம்பளம் போல."

யாஸ்னா சிரித்ததில் அவள் வாடிக்கையாளர் காதில் கத்தரிக்கோல் பட்டுவிட்டது.

எமெஷெ சாயப்பெட்டியின் அட்டையைக் கிழிக்கச் சொல்லி, அதன் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினார். "இந்தப் பிராசசருக்கு ஓர் அண்ணன் இருக்கு. அதே போர்டுல, அதே இடத்துல உட்காரும். ஆபீஸுங்கள்ல கழிச்சுப் போட்டது விளம்பரத்துல மலிவாக் கிடைக்கும். ரேம் இன்னொண்ணு சொருகுங்க. பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலா எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு எட்டு ஜிபி இருக்கிறதாப் பார்த்து, பழசே வாங்குங்க. ஆனா பவர் சப்ளை மட்டும் புதுசு. மத்தது கெட்டா அதோட போச்சு. இது கெட்டா கூட இருக்கிற எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்."

"இருபதாயிரத்துக்குள்ள முடியுமா?"

"அலைஞ்சா முடியும். கார்டை மட்டும் ஓடுறதைக் கண்ணால பார்க்காம வாங்காதீங்க. அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்க. அப்புறம்..."

அந்த நேரம் யாஸ்னா ட்ரையரைப் போட்டுவிட்டாள். எமெஷெ சொன்ன கடைசி வரி அந்த இரைச்சலில் போய்விட்டது. ஸோரிட்சா தலையை மட்டும் ஆட்டிவைத்தாள்.

அடுத்த பத்து நாள் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒருத்திக்குச் சாயம் ஊறும் நேரத்தில் விளம்பரம் பார்ப்பாள். ஒருத்திக்குத் தலை காயும் நேரத்தில் பேரம் பேசுவாள். சுபோதிட்சாவில் ஒரு கணக்கர் ஆபீஸ் கழித்துப் போட்ட பிராசசர் தபாலில் வந்தது, தீப்பெட்டி அளவு டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி. ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளூரிலேயே கிடைத்தன. எமெஷெ போனில் வழிகாட்ட, அவை இரண்டையும் தன் கையாலேயே பொருத்தினாள். முன்பெல்லாம் பெட்டியைத் தட்டிவிட்டுக் காப்பி போட்டுக் குடித்து முடிக்கலாம். இப்போது சர்க்கரை கலக்குவதற்குள் திறந்துகொண்டது. அவள் அதை அணைத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். அவள் கணவன் ஜிவ்கோ வாசலில் நின்று பார்த்தான்.

"என்ன பண்ற?"

"பாரேன், எவ்வளவு சீக்கிரம் வருதுன்னு!"

"வந்ததை ஏன் திரும்ப அனுப்புற?"

ரயில் பெட்டிப் பட்டறையில் இருபத்து மூன்று வருடமாக இரும்போடு இரும்பாக இருக்கிறவன். அவனுக்கு அவ்வளவுதான் கேட்கத் தோன்றியது.

பவர் சப்ளையும் வாங்கியானது. டப்பாவில் எட்டாயிரம் மிச்சம். எட்டு ஜிபி கார்டுகளோ பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் என்று போய்க்கொண்டிருந்தன. பந்தயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கிகிந்தா ஊரில் ஒன்று பத்தாயிரத்து ஐந்நூறுக்கு வந்தது. வந்து பார்க்கிறேன் என்று எழுதிவிட்டு, புதன்கிழமை மத்தியான வாடிக்கையாளர்களை யாஸ்னா தலையில் கட்டிவிட்டு, பஸ் ஏறினாள்.

கார்டுக்காரர் மியோத்ராக் டிராக்டர் மெக்கானிக். கதவுச் சட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. முதுகுவலி வந்து நாற்காலியில் உட்கார முடியாமல் போனதால் விற்கிறாராம். ஒரு பெண் தனியாக வந்து, "அரை மணி நேரம் ஓட விடுங்கண்ணே, பார்க்கணும்" என்றதும் அவருக்குப் புருவம் ஏறியது.

"யாருக்கும்மா? பையனுக்கா?"

"எனக்குத்தான். கார் ராலி ஓட்டுறேன்."

"ராலியா!" அவர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "அப்போ உட்காருங்க. நீங்களே ஓட்டிப் பாருங்க."

கார்டு பிசிறில்லாமல் ஓடியது. சூடு ஏறவில்லை, சத்தமும் இல்லை. ஆனால் சமையலறையிலிருந்து யாரோ விசும்பி விசும்பி அழுகிற சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் பொறுத்தவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"அண்ணே, உள்ள யாரோ அழற மாதிரி..."

"என் பொண்ணு ஆஞ்செலா." அவர் குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை கல்யாணம். தலை அலங்காரம் பண்ண வேண்டிய பார்லர்க்காரம்மா நேத்து மாடிப்படியில விழுந்து கையை உடைச்சுக்கிட்டா. இந்தச் சீசன்ல எங்கேயும் ஆள் இல்ல. நேத்திலேருந்து வீடே இழவு வீடு மாதிரி கிடக்கு."

ஸோரிட்சா ஸ்டீயரிங்கை விட்டாள். கைப்பையைத் திறந்து சீப்பையும், கிளிப்புகளையும், ஒரு டப்பா கொண்டை ஊசிகளையும் எடுத்தாள். அவை இல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை. சமையலறைக்குள் போய், மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் பின்னால் நின்று, முடியைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"அடேயப்பா! இவ்வளவு முடியை வச்சுக்கிட்டா அழற? எப்படி வேணும்னு படம் காட்டு."

நாற்பது நிமிடத்தில், கழுத்தோரம் இரண்டு சுருள் தளர்ந்து தொங்க, பின்னலைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய கொண்டை தயார். ஆஞ்செலா கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மறுபடி அழ ஆரம்பித்தாள், ஆனால் இது வேறு அழுகை. அவளுடைய அம்மா அடுப்பிலிருந்த பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து ஸோரிட்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை வருவீங்களா? எனக்கு, இவளுக்கு, தோழிப் பொண்ணுங்க ரெண்டு பேருக்கு. என்ன கேட்டாலும் தரோம்!"

ஸோரிட்சா வாயைத் திறக்குமுன் மியோத்ராக் உள்ளே எட்டிப் பார்த்தார். "கார்டை ஆறாயிரத்துக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னிக்கே கொண்டு போங்க. சனிக்கிழமை வரலைன்னா டிராக்டரோட உங்க கடைக்கு வருவேன்."

திரும்பும் பஸ்ஸில் கார்டைத் தன் கம்பளிச் சட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துச் சீட்டுப் பெண் இடம் தருவதற்காக ஒதுங்கி, "எத்தனை மாசக் குழந்தை?" என்று கேட்டாள். "எட்டு ஜிபி" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சிரித்து மழுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிகிந்தா போய் நான்கு தலைகளையும் முடித்தாள். கடைசி ஊசியைச் செருகும்போதே மாப்பிள்ளை வீட்டார் ட்ரம்பெட்காரர்களோடு தெருவுக்குள் வந்துவிட்டார்கள். ஒரு பெட்டி கேக்கும், சாப்பிடாமல் போகக்கூடாது என்ற மிரட்டலும் கிடைத்தன. இரண்டையும் ஏற்றுக்கொண்டு சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தாள்.

ஞாயிறு காலை, சமையலறை மேஜையில் பழைய பெட்டி. பந்தயம் மாலை ஐந்துக்கு. ஜிவ்கோ காப்பியோடு வந்து மூடியைத் திறந்த பெட்டிக்குள் குனிந்து பார்த்தான்.

"உள்ள பூனை ஏதாவது செத்துக் கிடக்கா?"

பத்து வருடத் தூசி. ஸோரிட்சா சாயம் பூசுகிற தூரிகையால் ஒவ்வொரு இடுக்காகத் தட்டி, ட்ரையரைக் குளிர் காற்றில் வைத்து ஊதினாள். பழைய பிராசசரைக் கழற்றி, அண்ணனை உட்கார வைக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மயிரிழை கனத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் அங்கே. ஒன்று வளைந்தாலும் முடிந்தது கதை. ஆனால் இருபத்தைந்து வருடம் மற்றவர்கள் காதோரம் கத்தி பிடித்த கை. ஓர் ஊசிகூட வளையவில்லை. மேலே சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டை அரிசி அளவு வைத்தாள், விசிறியை இறக்கினாள், புது பவர் சப்ளையை மாட்டினாள். மணி பதினொன்று. நேரம் கொட்டிக் கிடக்கிறதே என்று மனதுக்குள் பாட்டே வந்துவிட்டது.

அப்புறம் கார்டை எடுத்தாள். ஒரு பக்கம் சாய்த்தாள், மறுபக்கம் சாய்த்தாள். பெட்டியின் முன்பகுதியில் ஹார்டு டிஸ்க் மாட்டுகிற தகரக் கூடு இடித்தது. கார்டு உள்ளே போகவே இல்லை. இரண்டு விரல் நீளம் கூடுதல்.

எமெஷெவுக்குப் போன் போட்டாள்.

"நீளத்தை அளந்துக்குங்கன்னு சொன்னேனே?"

"எப்போ சொன்னீங்க?"

"உங்க கடையிலதான். நீங்களும் தலையை ஆட்டினீங்க."

ஸோரிட்சா மனதுக்குள் யாஸ்னாவையும் அவள் ட்ரையரையும் சேர்த்துத் திட்டினாள். புதுப் பெட்டி வாங்கக் காசும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை. அப்போது அவள் தோளுக்கு மேல் ஜிவ்கோவின் கை நீண்டு அந்தத் தகரக் கூட்டை விரலால் சுண்டியது. டிங் என்று சத்தம்.

"இதுக்கு இப்போ வேலை ஏதாவது இருக்கா?"

"இல்ல. பழைய டிஸ்கைக் கழட்டியாச்சு."

"அப்போ வெட்டிட வேண்டியதுதானே?"

பத்து நாளாக வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவன் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. ஆக்ஸா பிளேடை எடுக்க அவன் கொட்டகைக்கு ஓடியதைப் பார்த்தால், கல்யாணமான புதிதில்கூட அப்படி ஓடியதில்லை.

"நில்லு, நில்லு! இரும்புத்தூள் ஒண்ணு போர்டுல விழுந்தாலும் எல்லாம் போச்சு. நான் எல்லாத்தையும் வெளிய எடுக்குறேன்."

மாட்டியதையெல்லாம் மறுபடி கழற்றினாள். வெறும் பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய், இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கி, ஜிவ்கோ அறுத்தான். பட்டறையில் ரயில் பெட்டியின் கதவையே அறுக்கிறவனுக்கு இது வெண்ணெய். விளிம்புகளை அரத்தால் ராவி, கையைக் கீறாதபடி வழவழப்பாக்கி, ஈரத்துணியால் மூன்று முறை துடைத்து, பரிசுப்பொருள் போல இரண்டு கையாலும் நீட்டினான். கார்டு உள்ளே போய் டக்கென்று உட்கார்ந்தது. கூடுதலாக ஒரு விரல் இடம் வேறு.

"அடுத்த கார்டுக்கும் சேர்த்து வெட்டியிருக்கேன்" என்றான்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, ஒயர்களைச் சுருள்முடி ரப்பர் பேண்டுகளால் கட்டி, மகனுடைய அறைக்குத் தூக்கிப்போய்ப் பட்டனை அழுத்தும்போது மணி மூன்றரை. விசிறிகள் சுழன்றன. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கருப்பு.

அணைத்துப் போட்டாள். கருப்பு. ரேமைக் கழற்றி மாட்டினாள். கருப்பு. இதற்குள் யாஸ்னா, பந்தயம் பார்க்கிறேன் என்று ஒரு தட்டு சீஸ் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் வாசலிலேயே நின்று, "ஐயையோ, செத்துடுச்சா?" என்றாள்.

"வாயைக் கழுவுடி!"

மறுபடி எமெஷெவுக்குப் போன்.

"விசிறி சுத்துதா?"

"சுத்துது."

"கார்டுல விளக்கு?"

"எரியுது."

"திரையிலேருந்து வர்ற ஒயரை எங்க சொருகியிருக்கீங்க?"

"எப்பவும் சொருகுற இடத்துலதான். மேல."

மறுமுனையில் எமெஷெ அம்மாள் சிரிப்பதை ஸோரிட்சா வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள். "ஸோரிட்சா, அதைப் பிடுங்கிக் கீழ கார்டுல சொருகுங்க. இவ்வளவு தூரம் போய் வாங்கினதைச் சும்மா உட்கார வச்சிருக்கீங்களே!"

சொருகினாள். திரை வெளிச்சமானது. யாஸ்னா தட்டோடு குதித்தாள். ஒரு துண்டு பலகாரம் தரையில் விழுந்தது. ஜிவ்கோ ஸோரிட்சாவின் தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, "என் வெட்டு சரியா இருந்துச்சில்ல?" என்றான்.

ஐந்து மணிக்கு இருபத்திரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். ஆறு கட்டப் பந்தயம். விளக்கு பச்சையானதும் ஸோரிட்சா மிதித்தாள். ஆல்பம் போய்விட்டது. கார் ஓடியது, நிஜமாகவே ஓடியது. சரளைக்கல் ஒவ்வொன்றாகத் தெறித்தது. ஈரமான இலைகள் பளபளத்தன. வளைவில் நின்று வேடிக்கை பார்க்கிற மனிதர்களுக்கு முகம் இருந்தது. ஒருத்தி குடை பிடித்துக்கொண்டிருந்தாள், மஞ்சள் குடை! முன்கண்ணாடியில் ஒரு மழைத்துளி விழுந்து, நடுங்கி, மேல்நோக்கி ஓடியது. அதையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நேராகப் பள்ளத்துக்குள் போய்ச் சேர்ந்தாள்.

ஹெட்போனில் திஹோமிரின் குரல். "ஸோரிட்சா, என்ன ஆச்சு? பெட்டி நின்னுடுச்சா?"

"இல்லை டாக்டர்! மழைத்துளி வழியுது டாக்டர், கண்ணாடியில!"

"ரோட்டைப் பாருங்கம்மா!"

முதல் கட்டத்தில் கடைசி. யாஸ்னா தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கா கல்யாண வீட்டுக்கெல்லாம் போய் உழைச்சே?" ஆனால் ஸோரிட்சாவின் கன்னம் சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. இரண்டாவது கட்டத்தில் பதினாறாவது. மூன்றாவதில் பதினொன்று. இத்தனை வருடம் தட்டுத் தடுமாறும் படத்தை வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு எங்கே வரும் என்று யூகித்தே ஓட்டிப் பழகியவள் அவள். இப்போது யூகிக்க வேண்டியதில்லை. கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது ரோடு. கை தானாக முந்திக்கொண்டது. ஐந்தாவது கட்டம் முடிந்தபோது மொத்தக் கணக்கில் ஏழாவது இடம். ஜிவ்கோ எப்போது வந்து கட்டிலில் உட்கார்ந்தான் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வளைவுக்கும் அவன் உடம்பும் சேர்ந்து சாய்ந்தது.

கடைசிக் கட்டம் மலையிறக்கம். "மிதி! மிதி!" என்று யாஸ்னா கத்தினாள். "பிரேக், பிரேக்!" என்று ஜிவ்கோ கத்தினான். ஸோரிட்சா யார் பேச்சையும் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தினாள். திரையில் பெயர்ப் பட்டியல் ஏறியது. அந்தக் கட்டத்தில் இருபத்திரண்டு பேரிலும் வேகமான நேரம் அவளுடையது. மொத்தத்தில் ஐந்தாவது இடம்.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். ஜிவ்கோ பதிலுக்கு இரண்டு மடங்காகத் தட்டினான்.

"ஐந்தாவதா வந்ததுக்கா இவ்வளவு ஆட்டம்?" என்றாள் யாஸ்னா. ஆனால் அவள் கண் திரையை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, விரலில் ஒட்டிய சீஸைத் துடைத்துக்கொண்டு, குரலை மெல்ல இறக்கிக் கேட்டாள்.

"ஏண்டி... நான் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா?"

ஸோரிட்சா எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தாள். யாஸ்னா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, "எது பிரேக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தாள். ஸோரிட்சா கட்டிலில் ஜிவ்கோ பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டிலிருந்து பெரிய துண்டாகப் பலகாரத்தை எடுத்துக் கடித்தாள். காலையிலிருந்து தான் எதுவுமே சாப்பிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.